உறைக்காத மிளகாய்

மார்ச் 4

தம்பிக்கு,

இரண்டு வருடம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் என்றதும் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். யாரும் போகவில்லை. உன் மாமா மூக்குக் கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார். போனில் பேசலாம்தான். நீ எடுக்கமாட்டாய் என்பது ஒன்று. எங்கள் போனும் சரியில்லை. பேசுகிறவர் கிணற்றுக்குள் இருப்பதுபோலக் கேட்கிறது. மாமா காதில் வைத்தால் மட்டும் ஒழுங்காகக் கேட்கிறதாம். போனுக்குக்கூட ஆள் பார்த்துப் பேசத் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் மில் கேன்டீனுக்குக் காய் எடுக்கச் சந்தைக்குப் போயிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் ஒரே ஒரு கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கூடையில் உள்ளங்கை அளவில், தட்டையாக, பூசணிக்கு இருப்பதுபோல் வரி விழுந்த காய்கள். தந்த நிறம், காம்புப் பக்கம் மட்டும் பழுப்பு ஏறியிருந்தது. தக்காளியா, மிளகாயா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "குடைமிளகாய்தான். கடிச்சுப் பாருங்க" என்று ஒன்றை உடைத்துக் கொடுத்தாள். விரல் தடிமனுக்குச் சதை. சாறு முழங்கை வரை வழிந்தது. பேரிக்காய் மாதிரி இனிப்பு, விழுங்கிய பிறகு லேசாகப் புகை வாசம். பெயரைக் கேட்டேன். "எங்க வீட்டுல அதுக்குப் பேரெல்லாம் இல்லீங்க, காய்னுதான் சொல்லுவோம்" என்றாள். கூடையோடு வாங்கிக்கொண்டேன்.

தோல் கருகும்வரை நெருப்பில் வாட்டி, பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தேன். ஆவியிலேயே தோல் கழன்றது. உரித்து நீள நீளமாகக் கிழித்து, பூண்டும் எண்ணெயும் சேர்த்து முட்டையோடு கிளறினேன். நூற்று நாற்பது தட்டும் கழுவி வைத்ததுபோல் திரும்பி வந்தன. என்னோடு பன்னிரண்டு வருடமாகச் சமைக்கிறாளே நெட்டை, எதையும் பாராட்டாதவள், அவளே விரலை நக்கிக்கொண்டு "பரவால்லையே" என்றாள்.

ஒரு காயின் விதைகளில் பாதியை எனக்கு எடுத்துக்கொண்டு, மீதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ விதைப் பண்ணையில் இருப்பவன். என்ன ரகம், எப்படி வளர்ப்பது என்று எழுது. கோபம் என்மேல்தானே, விதை உன்னை ஒன்றும் செய்யவில்லையே.

அக்கா

---

மார்ச் 19

அக்காவுக்கு,

விதை கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்தாறு. பன்னிரண்டை இங்கே தொட்டிகளில் போட்டிருக்கிறேன். எங்கள் பட்டியலில் இந்த ரகம் இல்லை. எங்கள் மேலாளர் முப்பது வருடத்தில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறாராம்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பெண் இதன் பக்கத்திலேயே கார மிளகாயும் வளர்த்திருந்தால், தேனீ இரண்டையும் கலந்திருக்கும். நீ தின்ற காய் இனிக்கும். அதன் விதையில் முளைத்த செடியின் காய் வாயைப் பொசுக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு முதல் வலிப்பு வந்தது பதினொரு வயதில். கடைசியாக வந்தது பதினான்கில். அதைப் பெண் வீட்டில் போய்ச் சொன்னது நீ. நான் அவளிடம் சொல்லத்தான் இருந்தேன், நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போய்விட்டு வந்த மறுநாள் கல்யாணம் நின்றது. அவளுக்கு இப்போது ஒரு குழந்தை இருக்கிறதாம். உடம்பு என்னுடையது. அதைப் பற்றிச் சொல்கிற உரிமையும் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.

செடிக்கு இரண்டு அடி இடைவெளி விடு.

தம்பி

---

ஜூலை 2

தம்பிக்கு,

நீ சொன்னபடி இரண்டு அடி விட்டேன். கேன்டீன் பின்சுவரை ஒட்டி இருபத்திரண்டு செடி. போன வாரம் முதல் பறிப்பு. நானே முதலில் தின்றேன். சந்தையில் தின்ற அதே இனிப்பு, என்ன, கொஞ்சம் மந்தம். மண் அப்படி. உன் தேனீக்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கல்யாண விஷயம். கட்டிக்கொண்ட பிறகு தெரிந்தால் அவள் உன்னை வெறுப்பாள் என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கேட்டால் பொய்யாகிவிடும்.

காய்களைக் குடைந்து, உருளைக்கிழங்கும் இஞ்சியும் வதக்கி உள்ளே வைத்து அடுப்பில் சுட்டேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் இரண்டு மூன்று பேர் தட்டில் மிச்சம் வைத்துவிட்டார்கள். தறிக்காரர் ஒருவர், "இன்னைக்குக் கை கொஞ்சம் தாராளமோ?" என்று கேட்டுக்கொண்டே தண்ணீரைத் தேடிப் போனார். இவர்களுக்குப் புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு குறை.

அன்றைக்கு நெட்டை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டாள். "அக்கா, வாயில ரத்தம்" என்றாள். கண்ணாடியில் பார்த்தால் தாடை வரை வழிந்திருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். பேச்சு சுவாரசியத்தில் தெரியவில்லை. கேன்டீன் தரையையும் எவனோ ஒரு பக்கமாகச் சரித்துப் பூசிவிட்டுப் போயிருக்கிறான். நடந்தால் கதவு நிலையில் போய் இடித்துக்கொள்கிறேன். தோளெல்லாம் கன்றிக் கிடக்கிறது. பன்னிரண்டு வருடமாக நடக்கிற தரை, இப்போதுதான் கண்ணில் படுகிறது பார்.

அக்கா

---

ஜூலை 15

அக்காவுக்கு,

என் பன்னிரண்டு செடியில் ஐந்து கடுங்காரம். சாதாரணக் காரம் இல்லை. மேலாளர் ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டுப் பாலுக்கு ஆள் அனுப்பினார். மற்ற ஏழும் நீ எழுதியதுபோல் பேரிக்காய் இனிப்பு. பன்னிரண்டையும் வரிசையாக வைத்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஒரே காயின் விதைகள்தான் இரண்டு இடத்திலும். உன் இருபத்திரண்டில் ஒன்றுகூட உறைக்கவில்லை என்பதை நம்ப முடியவில்லை. ஒவ்வொரு செடியிலும் ஒரு காயைப் பறித்துத் தனித்தனியாகக் கடித்துப் பார். உறைக்கிற செடியில் நூல் கட்டு, பிறகு பிடுங்கிவிடு. அதுவரை யாருக்கும் பரிமாறாதே.

உதட்டில் கடித்தது எந்தப் பக்கம்?

தம்பி

---

ஜூலை 27

தம்பிக்கு,

எந்தப் பக்கம் என்று எதற்குக் கேட்கிறாய்? இடது. வலது கடைவாய்ப் பல் இரண்டையும் பிடுங்கியதிலிருந்து எனக்கு எல்லாம் இடது பக்கம்தான்.

உன் கடிதம் வந்ததும் இருபத்திரண்டு செடியையும் கடித்துப் பார்த்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. அந்தத் தைரியத்தில் வியாழக்கிழமை எல்லோருக்குமே அதேபோல் கிழங்கும் இஞ்சியும் அடைத்துச் சமைத்தேன். பத்து நிமிடம் இருக்காது. ஒருவர் இருமினார், பக்கத்திலிருந்தவர் இருமினார், அப்படியே வரிசை முழுக்கப் பரவியது. நூல் கிடங்கில் மூட்டை தூக்கும் பெரியவர், நெஞ்சு வலிக்காரர், மூச்சு அடைத்து பெஞ்சிலிருந்து சரிந்துவிட்டார். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார்.

மில் மேனேஜர் வந்து ஒரு துண்டைத் தின்றார். கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. "என்னம்மா போட்டீங்க இதுல?" என்று கத்தினார். அதே தட்டிலிருந்து பாதிக் காயை எடுத்து எல்லோர் முன்னாலும் தின்றேன். "நானும்தானே சாப்பிடறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்றேன். வலது ஓரத்தில் லேசாக ஒரு சுருக்கு இருந்தது. அது இஞ்சி. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள், தம்பி.

யாரோ எதையோ கலந்திருக்க வேண்டும். உள்ளே அடைத்தது நெட்டை. பன்னிரண்டு வருடம் கூடவே இருந்தவள் என்று பார்க்காமல், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் சண்டை போடவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். "நான் எதுவும் கலக்கலக்கா. நீங்க ஒரு தடவை டாக்டரப் பாத்துருங்க" என்றாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இத்துடன் செடியிலிருந்து பறித்த காய் ஒன்றில் பாதியை வெயிலில் உலர்த்தி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு நூல் கட்டியிருக்கும். மறுபாதியை நான்தான் தின்றேன். நீ தின்று பார்த்துவிட்டு இனிப்பு என்று எழுது. மேனேஜரிடம் காட்ட வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். நறுக்கிய கையோடு இடது கண்ணைக் கசக்கிவிட்டேன். கொஞ்சம் சிவந்திருக்கிறது, ஆனால் துளிகூட எரியவில்லை. கண்ணில் பட்டே எரியாத மிளகாய் எப்படிக் காரமாக இருக்கும்?

அக்கா

---

ஆகஸ்ட் 10

அக்காவுக்கு,

பாதிக் காய் கிடைத்தது. தின்று பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இனி அந்தக் காயைச் சமைக்காதே. தொடவும் தொடாதே. கண்ணை ஒரு டாக்டரிடம் காட்டு. நெட்டையைத் திரும்பக் கூப்பிடு. அவள்மேல் தவறு இருக்காது.

இங்கே மழை. வேலை கொஞ்சம் அதிகம்.

தம்பி

---

ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

பிறகு என்றால் எப்போது? ஒரு மிளகாய் உறைக்கிறதா இல்லையா என்று சொல்ல உனக்கு இவ்வளவு யோசனையா? நீயும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டாய் என்று தெரிகிறது.

கேன்டீனில் என்னை ஒரு மாதம் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஓய்வு என்கிற சொல்லை மேனேஜர் மூன்று தடவை சொன்னார். செடிகள் அங்கே நிற்கின்றன, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். வரும்போது ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வந்தேன். தினமும் இரண்டைச் சுட்டு நான் மட்டும் தின்கிறேன். மாமா மரியாதைக்கு ஒரு துண்டை வாயில் வைத்தார், உடனே துப்பிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் இனிக்கிற காயாக இருக்கிறது.

மாமாவோடும் சரியில்லை. செவ்வாய்க்கிழமை என் பக்கத்தில் நின்று மூன்று தடவை கூப்பிட்டாராம், நான் திரும்பவே இல்லையாம். வேண்டுமென்றே செய்தேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு குரலும் கேட்கவில்லை. நேற்று எண்ணெய் தெறித்துக் கன்னத்தில் கொப்புளம் போட்டிருக்கிறது. காலையில் கண்ணாடி பார்க்கும்போதுதான் அது எனக்கே தெரிந்தது.

கண்ணில் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது, பால் சொட்டியதுபோல். அந்தக் கண்ணால் பார்த்தால் எல்லாம் ஆவி படிந்த ஜன்னல் மாதிரி இருக்கிறது. வலி இல்லாததால் டாக்டரிடம் போகவில்லை. வலித்தால் போகலாம்.

எழுத்து ஏன் சரிந்துகொண்டே போகிறது என்று கேட்காதே. மேசை சரியில்லை.

அக்கா

---

செப்டம்பர் 2

அக்கா,

இன்று மாமாவுக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். விரைவுத் தபாலில். இது உன் கைக்கு வருவதற்குள் அவர் உன்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருப்பார். உன்னைக் கேட்காமல் எழுதினேன்.

நீ அனுப்பிய பாதிக் காயைத் தின்று ஒரு மணி நேரம் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். உதடு வீங்கிவிட்டது. அதன் மறுபாதியைத்தான் நீ இனிப்பு என்று தின்றிருக்கிறாய். அங்கே உட்கார்ந்தபடியே உன் கடிதங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. போன் கேட்காதது, உதட்டில் வழிந்த ரத்தம், கதவு நிலை, கண். உன் செடிகளும் உறைக்கத்தான் செய்கின்றன அக்கா. உனக்குத்தான் உறைக்கவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை என் வலிப்புக்காகப் பார்க்கிற நரம்பு டாக்டரிடம் அன்றே போனேன். யார் என்று சொல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "யாரு அவங்க? எங்க இருக்காங்க? காதுக்குப் பின்னாடி கட்டி ஏதாவது வளந்து நரம்ப அழுத்திட்டு இருக்கலாம். உடனே படம் எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

அது ஆகஸ்ட் பத்தாம் தேதி. அன்றே உனக்கு நான்கு பக்கம் எழுதினேன். அதை டிராயரில் வைத்துவிட்டு, மழை பெய்கிறது என்று வேறொரு கடிதத்தைத் தபாலில் போட்டேன். அந்த நான்கு பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். பழி வாங்குகிறேன் என்று நீ நினைப்பாயோ என்று பயந்தேன். அது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். உன் உடம்பைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்போது சொல்வது என்பது என் கையில் இருந்தது. அதில் எனக்கு ஒரு அற்பத் திருப்தி இருந்தது. ஒவ்வொரு நாளும் நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். உன் கண்ணில் வெள்ளைப் புள்ளி என்று படித்தபோதுதான் டிராயரைத் திறந்தேன். அதற்குப் பிறகும் நான்கு நாள் கடத்தினேன்.

தம்பி

---

செப்டம்பர் 10

நீ மாமாவுக்குப் போட்ட கடிதத்தை அவர் எனக்குக் காட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கிளம்பு" என்றார். "எங்க?" என்றேன். என் செருப்பை எடுத்துக் கால் பக்கத்தில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு போனேன்.

படம் எடுத்தார்கள். கட்டிதான். எலுமிச்சை அளவு என்று மாமா கையால் காட்டினார். பதினேழாம் தேதி தலையைத் திறக்கிறார்கள். எழுந்திருப்பேன் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. பார்க்கலாம்மா என்றுதான் சொன்னார். இடது கண்ணில் கட்டுப் போட்டிருக்கிறது. ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன்.

நீ சொன்னது சரியாகிவிட்டது. அதற்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்க்காதே. இருபத்து மூன்று நாள் டிராயரில் வைத்திருந்தாய். உன்னைப் பற்றிப் பெண் வீட்டில் போய்ச் சொல்ல நான் ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டில் எது பெரிய தப்பு என்று படுத்துக்கொண்டே யோசிக்கிறேன். இங்கே வேறு வேலையும் இல்லை.

நீ வராதே. வந்தால் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போக வேண்டியிருக்கும்.

---

செப்டம்பர் 26

அக்கா,

நேற்று மாமா போனில் பேசினார். "இருக்கா" என்றார். நான்காம் நாள்தான் கண் விழித்தாயாம். வரட்டுமா என்று கேட்டேன். "அவ இன்னும் சொல்லலப்பா" என்றார்.

ஒவ்வொரு நாளும் பண்ணைக்குப் போகிறேன். நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். எதைச் செய்தேன் என்று சாயங்காலம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நீ சொல்கிறவரை வரமாட்டேன். பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை.

தம்பி

---

நவம்பர் 18

தம்பிக்கு,

எழுத்து இன்னும் நேராகவில்லை. இதற்கு மேசையைக் குறை சொல்லப்போவதில்லை.

என்ன மிச்சம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடது காது போய்விட்டது. இடது பக்க முகம் தொங்கிவிட்டது. சிரித்தால் பாதி வாய்தான் சிரிக்கிறது. மாமா, "உன் சிரிப்பு எப்பவுமே ஓரவஞ்சனைதான்" என்றார், சொல்லிவிட்டு அவரே அழுதார். இடது கண் இமையைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தையலைப் பிரித்தாலும் பார்வை வராது.

டாக்டரிடம் கேட்டேன், மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. அவர் மழுப்பாமல் சொன்னார். "கட்டிக்கு மூணு வாரம் ஒண்ணுமே இல்லம்மா. கண்ணுக்கு உண்டு." இதை உனக்கு எழுதாமல் விடலாமா என்று பத்து நாள் யோசித்தேன். உன் அற்பத்தனத்தை நீ ஒளிக்காமல் எழுதினாய். நானும் ஒளிக்கக் கூடாது. கண் அப்படித்தான் போனது. தெரிந்துகொண்டு இரு. அதில் பாதி என் பிடிவாதம், அதையும் தெரிந்துகொள். கண்ணைக் காட்டு என்று நீ அந்த மழைக் கடிதத்திலேயே எழுதியிருந்தாய்.

போன வாரம் மாமாவைப் பிடித்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன். இப்போது நெட்டைதான் அங்கே தலைமைச் சமையல். என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வாய் கோணலாக இருப்பதால் எத்தனை சொல் அவளுக்குப் புரிந்தது என்று தெரியவில்லை. "விடுங்கக்கா" என்றாள். பின்சுவர்ப் பக்கம் அழைத்துப் போனாள். எட்டுச் செடிதான் நின்றன. மற்றவற்றை அவளே கடித்துப் பார்த்துப் பிடுங்கியிருக்கிறாள். ஒரு வாரம் நாக்கு வெந்து கஞ்சிதான் குடித்தாளாம். மூட்டை தூக்கும் பெரியவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவரிடம் போய் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

நெட்டை ஒரு காயைச் சுட்டு, உரித்து, வலது பக்கமாக ஊட்டினாள். பல் இல்லாத பக்கம், மெல்ல வெகுநேரம் பிடித்தது. வாயில் என்னவோ இருந்தது. அது இனிப்பா என்று என் நாக்கைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. அவளைக் கேட்டேன். "இனிப்புதான்க்கா" என்றாள். சரி என்று விழுங்கினேன்.

உன் வலிப்பைப் பற்றி இனி யாரிடமும் பேசமாட்டேன். கேட்டால் அவனையே கேளுங்கள் என்பேன். இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்.

லீவு கிடைத்தால் வா. மாமா ஸ்டேஷனுக்கு வருவார். அவருக்கு வர முடியாமல் நீயே வீட்டுக்கு வந்தால், வாசல் திறந்துதான் இருக்கும். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என் இடது பக்கம் நின்று கூப்பிட்டால் எனக்குத் தெரியாது. கோபம் என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் போய்விடாதே.

அக்கா